வாசலில் மூன்று கம்புகள்

பூசான் நகரில் உங்கள் அண்ணன் வீட்டு விருந்தாளியாக வீற்றிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நான் சௌக்கியம். ஆரஞ்சு பழுத்துக் கிளை ஒடிகிறது.

நீங்கள் வேண்டவே வேண்டாம் என்று குதித்தீர்களே, ஜெஜு தீவைச் சுற்றிவரும் நடை, சைக்கிள் பாதை, அதற்கு நான் சம்மதம் சொல்லிவிட்டேன். நம் வாசலில் நுழைந்து, தோட்டம் வழியாகக் கடலுக்குப் போகிறது.

திறப்பு நாளில் பழம் உரித்துவைத்துக் காத்திருந்தேன். ஈ, காக்கைகூட வரவில்லை. எட்டிப் பார்த்தால், ஊரே சைக்கிளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு மதிலுக்கு வெளியே முள்ளுக்குள் நடக்கிறது!

"அக்கா, ஏன் சுத்திப் போறீங்க?" என்று கத்தினேன்.

பாதைக் குழுத் தலைவி ஒக்புன் அக்கா இடுப்பில் கைவைத்தாள். "வாசல்ல மூணு கம்பும் குறுக்க கிடக்கே! வீட்டாளுங்க தூரமாப் போயிட்டாங்கன்னுதானே அர்த்தம்? ஆளில்லாத வீட்டுக்குள்ள எப்படிடி நுழையறது?"

"நான் இங்கதானே இருக்கேன்!"

"அப்ப தூரமாப் போனது யாரு?"

ஒரு பழத்தைத் திணித்து அவள் வாயை அடைத்தேன். நீங்கள் கோபித்துக்கொண்டு கிளம்பும்போது போட்டுவிட்டுப் போன கம்புகள் அவை. இத்தனை நாளும் நான் தாண்டித் தாண்டித்தான் கடைக்குப் போய்வந்தேன்.

இப்போது இரண்டை எடுத்துவிட்டேன். மிச்சமுள்ள ஒன்றைச் சைக்கிள்காரர்கள் முனகிக்கொண்டே தாண்டுகிறார்கள். முனகட்டும். ஒரு கம்பு கிடந்தால், ஆள் பக்கத்தில்தான், இதோ வந்துவிடுவார் என்று அர்த்தம். ஊர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்காதவள்