வாசலில் நின்றால் மட்டும்

ஏங்க,

எழுப்ப மனம் வரவில்லை, வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. லாரிச் சாவி ஃபிரிட்ஜ் மேல். பத்து மணிக்கு மெக்கானிக் அண்ணன் வருவார்.

நேற்று அவரிடம் போனில், "எங்க நிறுத்தினாலும் காலையில கிளம்புது, இந்த வீட்டு வாசல்ல நின்னா மட்டும் கிளம்ப மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டீர்களே, அது லாரிக்கா, எனக்கா? அந்தக் குழப்பத்தில்தான் பேசாமல் படுத்துவிட்டேன்.

இன்ஜினில் டீசல் நிற்பதில்லை என்றும் சொன்னீர்களே, காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தரையில் ஒரு சொட்டு டீசல் இல்லை. ஒழுகாமல் எங்கே போகும்? அண்ணனையே போனில் கேட்டேன். "ஒழுகலம்மா. பைப்புல எங்கயோ காத்து இழுக்குது. முன்பக்கம் மேட்டுல நின்னா இன்ஜினுக்கு ஏறின டீசல் டேங்குக்கே இறங்கிடும்" என்றார். நம் வாசல் மேடுதானே! பாதிதான் புரிந்தது. குற்றம் என்மேல் இல்லை என்பது நன்றாகவே புரிந்தது.

இன்ஜினுக்கு டீசல் ஏற்றும் கைப்பம்பை அடித்து, பைப்பில் உள்ள காற்றை எடுத்தால் கிளம்பிவிடுமாம்.

பி.கு: பைப்பை மாற்றும்வரை இறக்கம் பார்த்து நிறுத்தினால் தொல்லை இல்லையாம். உடனே திருப்பி நிறுத்திவிடாதீர்கள். வாரத்தில் ஒரு காலைதான் வீட்டில் இருக்கிறீர்கள், அதுவும் அந்த மேட்டின் புண்ணியத்தில்.