மெலிந்த கைக்கு ஒரு பிடி

பக்கத்து வீட்டில் புதுக் கதவுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மரத்தூள் வாசனை ஜன்னல் வழியாக வந்ததும், காபியை அப்படியே வைத்துவிட்டு அலமாரியைத் திறந்து உன் துப்பாக்கியிலிருந்து கழற்றிய மரப்பிடியை எடுத்தேன். என் கை அதற்குள் நுழையவில்லை. நுழையாது என்று தெரிந்துதான் எடுத்தேன்.

செங்கல்பட்டில் துப்பாக்கி சுடப் பழகும் அந்தச் சுடுதளத்தில் நரை தெரிந்த பெண்கள் நாம் இருவர்தான். நான் கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து வருவேன். நீ பஜாரில் துணிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு வருவாய். நீ பழையதாக வாங்கிய ஏர் பிஸ்டலின் பிடி யாரோ பெரிய கைக்காரருக்குச் செதுக்கியது. "இன்னாடி இது, அடுத்தவன் செருப்பப் போட்டுகினு நடக்குற மாதிரி கீது" என்றாய்.

எனக்குத் தச்சு வேலை தெரியாது. என் பிடியை நானே செதுக்கப் போய், மரத்தைப் பாழாக்கிய அனுபவம் மட்டும் இருந்தது. உன் வீட்டுச் சமையலறையில் சப்பாத்தி மாவை உருட்டி உன் கையில் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். அந்த அச்சைப் பார்த்து வாகைக் கட்டையில் செதுக்கினேன். உள்ளங்கையில் சாக்பீஸ் பொடி தடவிக்கொண்டு நீ பிடிப்பாய். பொடி ஒட்டிய மேடுகளை நான் அரத்தால் ராவுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டியபடி வெகுநேரம் நின்றாய்.

பிறகு நோய் வந்தது. மருந்து ஏறஏற உன் கை வற்றியது. மரத்தூளைப் பசையில் குழைத்து, பிடிக்குள் இடைவெளி விழுந்த இடங்களில் அப்பிக் காயவைத்தேன். சில வாரங்களில் அதுவும் தளர்ந்தது. மறுபடி அப்பினேன். நீ எவ்வளவு கரைந்திருக்கிறாய் என்பது உன் வீட்டாரை விட எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மாவட்டப் போட்டி அறிவித்ததும் கூப்பிட்டாய். "டாக்டரு கைவிரிச்சிட்டாரு. ஒருதபா நின்னு சுட்டுடுறேன். புடிய இன்னும் கொஞ்சம் இறுக்கிக் குடு." வேண்டாம் என்று சொல்லத்தான் கிளம்பி வந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் பையிலிருந்து பசையையும் அரத்தையும் எடுத்தேன்.

அன்று ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே கையை இறக்கி, மேசையில் சாய்ந்து மூச்சு வாங்கினாய். எல்லாக் குண்டுகளையும் சுடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கடைசி இடம். உன் மகன் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தபோது என்னைத் தேடினாய். "மூச்சுதான்டி பத்தல. கை ஆடல, பாத்தியா?" என்றாய். பார்த்தேன் என்றேன். உண்மையிலேயே ஆடவில்லை. கடலைப் பார்க்கவேண்டும் என்று நீ கேட்டதால் மாமல்லபுரம் வரை போனோம். காரிலேயே தூங்கிப்போனாய், எழுப்பாமல் திரும்பினோம்.

அதற்கடுத்த மாதம் உன்னை வெள்ளைத்துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். கடைசியாக ஒருமுறை பார்க்கவேண்டும் என்று நினைத்திருந்த கை துணிக்குள் இருந்தது. அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போகவில்லை. வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

துப்பாக்கியைப் பழைய பிடியோடு யாருக்கோ கொடுத்துவிட்ட உன் மகன், நான் செதுக்கியதை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தான். "யார் கைக்கும் சேராது ஆன்ட்டி, நீங்களே வச்சிக்கோங்க" என்றான்.

இப்போதும் ஞாயிறுகளில் சுடுதளத்துக்குப் போகிறேன். யாரும் பேச்சுக்கொடுப்பதில்லை, நானும் கொடுப்பதில்லை. போன வாரம் அலுவலகக் கேன்டீனில், புதிதாகச் சேர்ந்த பெண் என்னிடம் ஏதோ கேட்டாள். காதில் சரியாக விழவில்லை. "இன்னா?" என்றேன்.

"மேடத்துக்கு சொந்த ஊரு செங்கல்பட்டா?" என்றாள்.

நான் தூத்துக்குடிக்காரி. வீட்டில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போய்விட்டேன்.