சுட்டது என்று சொன்னவள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

பாசமும் கோபமும் சரிபாதியாகக் கலந்து எழுதுகிறேன். இங்கே நான் நலம். உங்கள் அக்கா நலம், அவர் குரல் அதைவிட நலம். நம் மகள் குருவியின் வலது உள்ளங்கையில் மட்டும் பட்டாணி அளவுக்கு ஒரு கொப்புளம். மருந்து போட்டாகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது எப்படி வந்தது என்பது பெரிய கதை. உட்கார்ந்து படியுங்கள்.

சரக்கெல்லாம் இறக்கியும் துறைமுகத்தில் வேலை முடியவில்லை, தணல் நாளுக்கு வர முடியாது என்று எழுதியிருந்தீர்கள். குருவிக்கு ஏழு முடிந்த வருஷம் இது என்பது உங்களுக்குத் தெரியாதா? உங்கள் வம்சத்தில் ஏழு முடிந்த பிள்ளை, தீநாகம் உமிழும் தணலைக் கையில் வாங்கி மூன்று மூச்சு விடும்வரை வைத்திருந்தால்தான் வம்ச ஏட்டில் பெயர். சுட்டால் பெயரும் கிடையாது, பட்டறைத் தெருவில் இடமும் கிடையாது. ஊர் நெருப்பெல்லாம் நம்மைச் சுடும், நம் நாகத்தின் நெருப்பு மட்டும் சுடாது, அது முட்டையிலிருந்து வந்தபோது நம் முதல் பாட்டி அதற்குப் பால் கொடுத்து வளர்த்தவள் என்று கல்யாணமான புதிதில் நீங்கள் என் காது புளிக்கச் சொன்னீர்கள். வேற்று ரத்தத்தின் பெயர் ஏட்டில் ஏறினால் நாகம் கண்ணாடி உலையை மூட்டாமல் போய்விடும் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். அப்படி இருக்க, வெள்ளத்தில் மிதந்துவந்த கூரைமேல் நாம் கண்டெடுத்து, பெற்றது என்றே எல்லோரிடமும் சொல்லி வளர்க்கும் பிள்ளையை என் தலையில் கட்டிவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் எனக்கு எப்படி இருக்கும்?

உங்கள் சித்தப்பாவின் சின்ன மகன் நினைவு வந்து வந்து போனது. தணலைக் கீழே உதறிய பிள்ளை. அதே வாரம் அவனைத் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஏட்டில் அவன் பெயருக்கான வரியை வெறுமையாக விட்டாராமே சித்தப்பா. இருபது வருஷம் ஆகிறது. இன்றும் ஏடு அவர் கையில்தான். பெற்ற மகனுக்கே இரங்காதவர் நம் குருவிக்கா இரங்கப்போகிறார் என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். உலை பூசுகிற களிமண்ணைக் கொஞ்சம் எடுத்து, கற்றாழைச் சாறும் முட்டை வெள்ளையும் விட்டு, தணல் நாளன்று விடிந்தும் விடியாமலும் சமையலறையில் குழைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் கையில் மெல்லிசாகப் பூசிக் காயவிட்டால் கண்ணுக்குத் தெரியாது என்று நினைப்பு. நிமிர்ந்தால் வாசற்படியில் உங்கள் அக்கா! செத்தேன் என்று நினைத்தேன். வந்தார், கிண்ணத்தை எடுத்தார், முகர்ந்து பார்த்தார். இவ்வளவு தண்ணியா கரைச்சா காயறதுக்குள்ள வழிஞ்சிடும், இன்னொரு பிடி மண்ணு போடு, உன் புருஷனுக்கு நான் மூணு பூச்சு பூசினேன் என்றார்.

நான் இன்னொரு பிடி மண்ணைப் போட்டுக் குழைத்தேன், அவர் சொல்லிக்கொண்டே வந்தார். உங்கள் அக்காவுக்கு ஏழு வயதில் உங்கள் அப்பாதான் பூசிவிட்டாராம். நம்ம கிளையில மட்டும் ரத்தம் நீர்த்துப்போச்சு, வெளியில மூச்சு விட்டா துரத்திடுவாங்க என்று சொன்னாராம். அப்பா போன பிறகு உங்கள் முறை வந்தபோது, தன் பதினெட்டு வயதில், அதே வார்த்தையை அக்கா உங்களிடம் சொன்னாராம். சின்னப்பய, கண்ணை உருட்டிக்கிட்டு சரி சரின்னு தலையாட்டினான், அதுக்கப்புறம் ஒரு வருஷம் யாரோடவும் விளையாடவே போகலை என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பி அடுப்பை ஊதினார். அடுப்பு ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

குருவி விஷயமும் அவருக்குத் தெரியுமாம். நீங்க துறைமுகத்துக்குப் போனப்ப ரெண்டு பேரு, எட்டு மாசத்துல திரும்பி வந்தப்ப பல்லு முளைச்ச பிள்ளை இடுப்புல, எனக்கென்ன விரல்விட்டு எண்ணத் தெரியாதா என்று கேட்டார். ஆறு வருஷமாக என்னமாய் அடக்கி வைத்திருந்தார் பாருங்கள்!

இரண்டு பேரும் சேர்ந்து மூன்று பூச்சு பூசினோம். நன்றாகக் காய்ந்தது. உலைக்களத்தில் உறவுக்காரர்கள் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். நாகம் உலைமேடையைச் சுற்றிச் சுருண்டு படுத்திருந்தது. இந்த வருஷம் முதுகுச் செதில் இன்னும் வெளுத்திருக்கிறது. சித்தப்பா ஏட்டைத் திறந்தார், குருவியைக் கையை நீட்டச் சொன்னார். நீட்டினாள். கை பளிச்சென்று இருந்தது. வருகிற வழியில் கை வியர்த்துப் பிசுபிசுவென்று ஆகிவிட்டதாம், தண்ணீர்த் தொட்டியில் தேய்த்துக் கழுவிவிட்டாளாம் மகராணி.

நாகம் தணலைத் துப்பியது. குருவி பிடித்தாள். முதல் மூச்சு. அவள் முகம் சிவந்தது. இரண்டாவது மூச்சுக்குள் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றித் தூக்கிப்போட ஆரம்பித்தாள். மூன்றாவதில், ஐயோ அம்மா சுடுது என்று களமே அதிரக் கத்திவிட்டுத் தணலை மண்ணில் எறிந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். இவள் சும்மா இருக்கக் கூடாதா? கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்து, உங்களுக்குச் சுடலையா தாத்தா என்று கேட்டாள்.

சித்தப்பா ஏட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு, சுட்டுச்சு என்றார். எங்கம்மா என்னமோ பசை பூசி அனுப்பினாங்க, அதையும் மீறிச் சுட்டுச்சு, இத்தனை பேருல என் ஒருத்தன் கைதான் பொய்யின்னு நினைச்சேன், அந்தப் பொய் என்னோட போகட்டும்னுதான் என் பிள்ளைக்கு நான் எதுவும் பூசலை என்றார். எழுபது வயது மனிதர் எல்லோர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அப்போதே போய்விட்டது.

எனக்கும் பூசினாங்க என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மடை திறந்த மாதிரி! நாற்பது பேரில் ஒருவர் கையும் சுத்தம் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் நம்ம கிளையில மட்டும்தான் என்று சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் முட்டை வெள்ளை நல்லதா மெழுகு நல்லதா என்று சண்டையே வந்துவிட்டது. உங்கள் அக்கா மூன்று பூச்சுதான் சரி என்று தொண்டை கட்டும்வரை வாதாடினார்.

இனி நாகம் என்ன செய்யுமோ என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அது ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது, கொட்டாவி விட்டது, அந்தக் கொட்டாவியிலேயே உலையை மூட்டிவிட்டு மறுபடி தூங்கப் போய்விட்டது. இதற்காகவா இத்தனை தலைமுறை பயந்து செத்தோம்?

சித்தப்பா முதலில் அந்த வெறும் வரியில் தன் மகன் பெயரை எழுதினார். அடுத்ததாகக் குருவியைக் காட்டி, யார் பிள்ளை என்று வழக்கம்போலக் கேட்டார். உங்கள் அக்கா முந்திக்கொண்டு, நம்ம பிள்ளைதான், எழுதுங்க சித்தப்பா என்றார். எழுதிவிட்டார். மறுநாளே மகனைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார். அவன் கதவைத் திறப்பானோ மாட்டானோ, இன்னும் சேதி வரவில்லை. நான் தினமும் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்போது உங்களிடம் வருகிறேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு தணல் நாளும் நீங்கள் வீட்டில் இருந்ததில்லை. வேலைமேல் அவ்வளவு கவனம் என்று நானும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன், மக்கு மாதிரி. ஏழு வயதில் காதில் விழுந்த ஒரு வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறீர்கள். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். அதுதான் எனக்குக் கோபம், மற்றபடி ஒன்றுமில்லை. உங்கள் அக்கா, அன்று அப்படிச் சொன்னதற்கு நான் வருத்தப்படுகிறேன் என்று தம்பிக்கு எழுது என்றார். அப்புறம் வேண்டாம் என்றார். நான் எழுதிவிட்டேன்.

நேற்று ஏட்டை வாங்கிப் பார்த்தேன். உங்கள் பெயர் அப்படியே இருக்கிறது, யாரும் அடிக்கவில்லை. அதற்குக் கீழே குருவியின் பெயர், மை இன்னும் கறுப்பாக. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் உங்களுக்குச் சுட்டுதா என்று கேட்டுக் கையைப் பிடித்துப் பார்க்கிறாள். எல்லோரும் சுட்டுச்சு என்கிறார்கள், இவளுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம். அப்பா மட்டும்தான் பாக்கி என்கிறாள்.

அவளுக்குக் கடிதத்தில் பதில் எழுத வேண்டாம். அடுத்த கப்பலில் கிளம்பி வாருங்கள். கையைக் கொடுத்துவிட்டு, சுட்டது என்று சொன்னால் போதும்.

உங்கள் பயணம் பத்திரமாக அமையட்டும்.

உங்களுக்காகக் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கும்,
குருவியின் அம்மா