பச்சை ஒயரும் இடது காலும்

என் செல்லத் தம்பி சேகருக்கு,

உன் புது வீட்டு வாசலில் கட்டிய மாவிலை இன்னும் அங்கேயே தொங்குகிறது. காய்ந்துவிட்டது, ஆனால் உதிரவில்லை. உனக்கு அந்த இலை காய்கிற அளவுகூட அங்கே வாழக் கொடுத்துவைக்கவில்லையே, ஏன்டா?

இது உனக்கு எழுதுகிற கடிதம்தான். ஆனாலும் வில்லியனூர்ப் பக்கம் புது வீட்டுக்குச் சாவி வாங்கப் போகிறவர்கள் யாராவது ஓரமாக நின்று படித்தால் படிக்கட்டும்.

நீ கவனமில்லாதவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வில்லங்கம் பார்த்தாய், பட்டா பார்த்தாய். ஒரு ரூபாய் நாணயத்தால் தரை ஓடுகளைத் தட்டிக்கொண்டே போய், வெற்றுச் சத்தம் கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டாய். அந்த சாக்பீஸ் என்னிடம் வாங்கிப் போனதுதான். "இன்னாக்கா, ரிட்டயர் ஆயும் டப்பா காலியாவலையா?" என்று கேட்டாய். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அது குழிக்குள் ஓடுகிறதா மூலையில் தேங்குகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்தாய். மழை பெய்த மறுநாள் மொட்டைமாடிக்கு ஏறி, கீழே வந்து கூரையில் ஈரம் தேடினாய். ஒரு கதவு கீழே உரசியதற்கு, இழைத்துக் கொடுக்கும்வரை விடவில்லை.

மிச்சம் இருந்தது மின்சாரம் ஒன்றுதான். மீட்டர் இணைப்பே பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் சாயங்காலம்தான் வந்தது. வைகாசியின் கடைசி முகூர்த்தம் அது. விட்டால் ஆனியும் ஆடியும் ஆகாது, ஆவணிவரை காத்திருக்க வேண்டும். "உள்ள வந்துட்டு பாத்துக்கலாம்க்கா" என்றாய்.

அன்றைக்குத் தாம்பூலத்தட்டில் சாவியை வைத்து நீட்டிய சூப்பர்வைசரிடம், "எர்த் போட்டாச்சாப்பா?" என்று கேட்டேன். "எல்லாம் போட்டாச்சி டீச்சர். நல்ல நாளும் அதுவுமா குத்தம் பாக்காதீங்க" என்றான். அம்மா என் கையைக் கிள்ளினாள். "பால் காய்ச்சுற வூட்ட கொற சொல்லாதடி. வூடு கேட்டுக்கினு இருக்கும்." நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? சாவி வாங்கும்வரை நாணயத்தால் தட்டலாம். பால் பொங்கிவிட்டால் பிறகு வீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

உன் மனைவி மலர் வாய் திறந்தாள். பின்பக்கம் வைத்திருந்த துணி துவைக்கும் மிஷினைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள். "புது வூட்டு மேல வாய் வெக்காத. செருப்பு போட்டுக்கினு தொடு" என்றாள் அம்மா. அவளும் அப்படியே செய்தாள். உன்னிடமும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆள் கூட்டிவருகிறேன் என்றாய். சனிக்கிழமை செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, ஈரக்காலோடு வந்து மிஷினை நகர்த்தினாய்.

மற்றது உனக்குத் தெரியும். அதன் பிறகு நடந்தது தெரியாது.

உன்னைக் கிடத்தியிருந்த கூடத்திலேயே, எல்லோரும் கேட்க அம்மா மலரைப் பார்த்துச் சொன்னாள்: "நீ செருப்பு போட்டுக்கினு பொழச்சிக்கினே. எம்புள்ளைய அனுப்பி வெச்சிட்ட. கொடம் தூக்கிக்கினு உள்ள வர சொல்லோ எடது கால வெச்சவதான நீ." எந்தக் காலை வைத்தாள் என்று யாருக்கு நினைவிருக்கிறது? ஆனால் அடுத்த நிமிடமே அதைக் கண்ணால் பார்த்த சாட்சிகள் நாலு பேர் கிளம்பிவிட்டார்கள். கருமாதி முடிந்த அன்றே அவளுடைய அண்ணன் வண்டியில் சோரியாங்குப்பத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். வாசல்வரை வந்து வழியனுப்பியது நான் மட்டும்தான்.

அவள் மேல் விழுந்த அந்தப் பழியை எடுக்க வேண்டும் என்பதுதான் அதிலிருந்து எனக்கு வேலை. கடைத்தெருவில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ரஃபீக்கைக் கூட்டிப்போனேன். ப்ளக் போர்டில் கரண்ட் வரும் ஓட்டையில் பல்பு ஒயரின் ஒரு முனையையும், எர்த்துக்கான மேல் ஓட்டையில் மறுமுனையையும் வைத்துப் பார்த்தார், எரியவில்லை. மீட்டர் பெட்டியைத் திறந்தார். வீடு முழுக்க ஓடிவந்த பச்சை ஒயர், மண்ணுக்குள் போக வேண்டிய இடத்தில் டேப் சுற்றி மடித்து வைக்கப்பட்டிருந்தது. வகுப்பாக இருந்தால் நான் இப்படிச் சொல்லியிருப்பேன்: பள்ளிக்கூடம் தீப்பிடித்தால் பிள்ளைகள் ஓட ஒரு பின்வாசல் வேண்டும், அதுதான் எர்த். இங்கே பின்வாசலுக்குக் கதவு வரைந்து வைத்திருக்கிறார்கள், பின்னால் சுவர். கசிந்த மின்சாரம் வெளியேற வழி தேடிக்கொண்டே இருந்தது. நீ வழியானாய்.

சூப்பர்வைசர் சாவகாசமாகப் பேசினான். "எல்லாம் சரியா கீதுன்னு சார் கையெழுத்து போட்டுதான சாவி வாங்குனாரு?"

ஆவணியில் உன் பக்கத்து வீட்டில் பால் காய்ச்சப் போகிறார்கள் என்று தெரிந்தது. அதே வரிசை, அதே ஆட்கள் கட்டியது. முந்தின நாளே ரஃபீக்கோடு போய் நின்றேன். அந்த வீட்டுக்காரர் கேட்டைத் திறக்கவில்லை. "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. சாவு வூட்டுலேந்து வந்து நல்ல காரியத்துக்கு முன்னாடி நிக்கறீங்களே, அடுக்குமா?" என்றார். வெயிலில் நின்றுகொண்டே சொன்னேன்: "சாவு வூட்டுக்காரிக்குத்தான்பா தெரியும். பெட்டிய மட்டும் தொறந்து பாத்துட்டு என்னை ஏசு." உள்ளேயிருந்து அவர் மனைவி, "மோட்டர் சுவிட்ச் எனக்கும் சுர்ருனுச்சிங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் கேட் திறந்தது. அங்கேயும் டேப் சுற்றிய பச்சை ஒயர்.

அப்புறம் அந்த வரிசை முழுவதும் பார்த்தோம். ஒரு வீட்டுக்கும் எர்த் இல்லை. விஷயம் பரவியதும் கட்டியவர்கள் ஓடிவந்தார்கள். வீட்டுக்கு ஒரு குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார்கள். ஒரு வீட்டு வேலை ஒரு மதிய வேளைக்குள் முடிந்தது. அவ்வளவுதான்டா தம்பி. அந்த ஒரு குழியைத் தோண்டாததற்குத்தான் உனக்கு ஒரு குழி தோண்டினோம்.

"உங்க தம்பி வூட்டுக்கும் போட்டு குடுத்துடறோம் டீச்சர். விக்கறதா இருந்தா வசதியா இருக்கும்" என்றான் சூப்பர்வைசர், உபகாரம் செய்கிறவன் குரலில். தொடவிடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அதிகாரி வந்து பார்க்கும்வரை அது அப்படியே இருக்க வேண்டும். அதற்கு முன் அம்மா பார்க்க வேண்டும்.

அம்மாவை ஆட்டோவில் அழைத்துப்போய் அந்த ஒயரைக் காட்டினேன். "இதாம்மா அவன கொன்னுது. மலரு கால் இல்ல. இந்த வரிசைல எல்லா வூட்டுலயும் இப்பிடித்தான் வெச்சிருந்தானுங்க" என்றேன். என் வகுப்பில்கூட இதைவிடத் தெளிவாக எதையும் நான் நிரூபித்ததில்லை என்று நினைத்தேன்.

அம்மா கிட்டே போய்ப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எல்லா வூட்டுலயும் இப்பிடித்தான் இருந்துதா?"

"ஆமாம்மா."

"அப்ப எம்புள்ள மட்டும் ஏன்டி செத்தான்?"

தடுப்பில்லாத பாலத்தைச் சொல்லிப் பார்த்தேன். நூறு பேர் தாண்டுகிறார்கள், ஒருவன் விழுகிறான். விழுந்தவனுடைய மனைவி எந்தக் காலை வைத்தாள் என்றா கேட்பாய் என்றேன். "கேக்கணும்" என்றாள் அம்மா. அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். வீடு திரும்பியதும் என் பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் சொல்வது கேட்டது: "எல்லா வூட்டுலயும் கரண்டு லீக்காவுது. எல்லாரும் நல்லா கீறாங்க. இவ இருந்த வூட்டுலதான் எழவு வுழுந்துது. எம்பொண்ணே கண்டுபுடிச்சி சொல்லுது."

நான் தேடி எடுத்த சாட்சி, சேகர், மலருக்கு எதிராகப் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பேச்சு சோரியாங்குப்பம்வரை எட்டிவிட்டது. போன வாரம் பார்க்கப் போனபோது, "அண்ணி, நெஜமாவே நான் எடது காலத்தான் வெச்சேனா?" என்று கேட்டாள். அவளும் நம்பத் தொடங்கிவிட்டாள்.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி அம்மாவுக்குப் பாடம் எடுக்க மாட்டேன். வரும் வெள்ளிக்கிழமை மலரை என் வீட்டுக்கு அழைத்து வருகிறேன். எந்தக் காலை வேண்டுமானாலும் முதலில் வைத்து உள்ளே வரட்டும். அம்மா அவளோடு ஒரே கூரையின்கீழ் இருக்க மாட்டேன் என்றால், அம்மாவின் பெட்டியை நானே கட்டி மாமா வீட்டில் விட்டுவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
பெற்றவளை விட்டாலும் உன்னவளை விடாத
உன் அக்கா