மதுரைக்காரர் கொடுத்த ராணி

1971 நவம்பர் 9, செவ்வாய்

மதுரைக்காரரிடமிருந்து இன்று கார்டு வந்தது. மூன்று வருடமாகத் தபாலிலேயே செஸ் ஆடுகிறோம். முகம் பார்த்ததில்லை. கார்டுக்கு ஒரு காய் நகர்த்துவோம், அவ்வளவுதான். என் மூச்சிழுப்பு நோய் அவருக்குத் தெரியாது. அந்தப் பலகையில் மட்டும்தான் நான் நோயாளி இல்லை.

இன்று அவருடைய ராணியை என் குதிரை வெட்டும் கட்டத்தில் சும்மா கொண்டுவந்து வைத்திருக்கிறார். கீழே ஒரு வரி: "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

என் கார்டுகளைத் தபால் பெட்டியில் போடுவது அண்ணன்தான். நேரே போய்க் கேட்டேன். தறியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னான்.

"நான்தாம்பா உன் கார்டு ஓரத்துல ரெண்டு வரி எழுதனேன். ராவெல்லாம் இழுத்துக்கினு கெடக்கறே. ஒரு ஆட்டமாவது கெலிச்சா நீ சந்தோசப்படுவேன்னு..."

ஒரு ஆட்டமாவதா! போன ஆட்டம் நான் ஜெயித்தது. அவன் ஒரு நாளாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரைக் கேட்டு எழுதினான்? வாய் வரைக்கும் வந்தது, இருமல் முந்திக்கொண்டது. உடனே தண்ணீர் எடுக்க ஓடுகிறான். அதுதான் இன்னும் எரிகிறது.

பதில் எழுதிவிட்டேன். "ராணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஒழுங்காக ஆடுங்கள். போன தடவை உங்களைத் தோற்கடித்தவனும் இதே இழுப்புக்காரன்தான்."

நாளைக்கு நானே நடந்து போய்ப் பெட்டியில் போடுவேன். வழியில் நாலு இடத்தில் உட்கார வேண்டியிருந்தாலும் சரி.