ஸ்கேல் பிடித்த விரல்

என் வீட்டுக்காரருக்கு,

தோல் டாக்டர் யாரும் எட்டிப் பார்க்காத நம் ஊரில், எங்கோ இருக்கும் ஒருவர் போனில் படம் பார்த்தே உங்கள் முதுகுப் படைக்கு மருந்து சொல்லிவிட்டார். சந்தோஷம்தான்.

எனக்கும் அனுப்பிய இரண்டு படங்களைப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் திரும்பி நின்று நீங்களே எடுத்தது வெறும் மங்கல். வேறு படம் கேட்டாராம், நியாயம்தான். அடுத்தது எவ்வளவு தெளிவு! படையின் அளவு தெரியப் பக்கத்தில் ஸ்கேல்கூட இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் விரலில் சிவப்பு நெயில் பாலிஷ்.

நேற்று போனில், "இதையும் நானேதாண்டி எடுத்தேன்" என்றீர்கள். சரி என்றேன். ஆலை விடுதியில் என்னோடு தங்கியிருப்பவள்தான் படத்தைப் பார்த்து, "அக்கா, அண்ணனுக்கு முதுகுல புதுசா ஒரு கை முளைச்சிருக்கு!" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. நம் ஊர் சுகாதார நிலைய நர்ஸம்மாவின் விரலென்றால் அப்படியே சொல்லியிருக்கலாம்.

களிம்பை இரண்டு வேளையும் தடவ வேண்டுமாமே. அந்த இடத்துக்கு உங்கள் கை போகாது. இத்தனை வருஷம் சொறிந்துவிட்டவளுக்குத் தெரியாதா? ஆலையில் லீவு சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வருகிறேன். அதுவரை அரித்தால் அரிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கை எட்டாத இடத்துக்குச் சொந்தக்காரி