இறங்கிய வழியே ஏறிய மலை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஃபோன் இருக்கும்போது கடிதம் எழுதி உங்களைச் சிரமப்படுத்துவதற்கு மன்னியுங்கள். முழங்கால் வலி தேவலையா? சாரத்தில் ஏறுவதைக் குறைத்தீர்களா?

நான் நலம். போன வாரம் மலைச்சரிவில் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். பேன்ட் மட்டும்தான் கிழிந்தது, அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

நாங்கள் ஆராயும் இந்த மலை ஒரு காலத்தில் பள்ளமாம். பூமி இழுபட்டு, விரிசல் விட்டு, இறங்கி ஏரியாகக் கிடந்ததாம். பிறகு இருபுறமும் நெருக்கியதில் மேலே வந்துவிட்டது. அது ஏறிய வழியைக் காட்ட, வரைபடத்தில் நானாகவே ஒரு புது விரிசலைப் போட்டுவிட்டேன்.

"இத எங்க பாத்தம்மா?" என்றார் குழுத் தலைவர்.

அப்போதுதான் சுவர் பூசும்போது, "எத்தன பூசினாலும் பழைய விரிசல்லதான் மறுபடி விடும்" என்று நீங்கள் சொல்வது நினைவுக்கு வந்தது.

"பாக்கல சார். பழைய விரிசல்லதான் மறுபடி அசைஞ்சிருக்கும். எங்கப்பா கொத்தனாரு, அவர் சொல்வாரு" என்றேன்.

"அப்ப அவரையே வேலைக்கு எடுத்திருக்கலாம்" என்று சிரித்தார். பாறையில் போய்ப் பார்த்தால், இறங்கிய விரிசல் வழியாகவேதான் மலை ஏறியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்கள் வழக்கம்போல, "இரு, அம்மாட்ட தரேன்" என்றீர்கள்.

என் மேசை ஆடுகிறது. மட்டம் பார்க்க உங்கள் சின்ன ரசமட்டத்தை அனுப்ப முடியுமா? தபால் எடுக்க வந்துவிட்டார்கள், முடிக்கிறேன்.

அப்பா, படித்த பெண்ணிடம் என்ன பேசுவது என்று தயங்காதீர்கள். வருகிற ஞாயிறு, ஃபோனை அம்மாவிடம் கொடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் என்னோடு பேசுங்கள்.